இழுக்காத பிக்கப்

செங்கோடனின் டீசல் பிக்கப் வண்டி மலைப்பாதையில் திடீரென்று இழுவை இழந்துவிடும். நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டுக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். மூன்று பில்டர் மாற்றியும் தீரவில்லை. கடைசியில் மெக்கானிக் நிஜாமுதீன் டேங்க்கைக் கழற்றிக் கவிழ்த்தார். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய திருநீற்றுப் பொட்டலம் வந்து விழுந்தது.

"இதுதான் டீசல் உறிஞ்சுற குழாயைப் போய் அடைச்சிருக்கு. வண்டி நின்னா விலகிக்கும். யாரு போட்டது?"

"நாந்தானுங்க" என்றாள் செங்கோடனின் மனைவி பாவாயி. "இவரு மலையில பறக்குறாரு, வேகத்தக் கொறைச்சுக் குடு முருகான்னு வேண்டிப் போட்டனுங்க."

"பலிச்சிருக்கும்மா!" நிஜாமுதீன் சிரித்தபடி பொட்டலத்தைத் துடைத்து அவளிடமே கொடுத்தார்.

டேங்க்கைத் திரும்ப மாட்டி மூடி போடும்வரை, செங்கோடன் அதன் வாய்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.