செடிக்குப் பிடித்த குடை

"ஆட்டைப் புடிம்மா! ஒரு இலை போச்சுன்னா ஊரையே கூட்டிடுவேன்!"

ஜெகதீசன் குடையைச் செடிக்குப் பிடித்தபடி கத்தினார். சிறுசேரி வெயில் அவருடைய வழுக்கைத் தலையில் இறங்கியது. பாறை இடுக்கில் முழங்கை உயரத்துக்கு நின்ற அந்தச் செடி மட்டும் நிழலில் இருந்தது.

ரேணுகா ஓடி வந்து ஆட்டின் கயிற்றைப் பற்றினாள். "இன்னா சார், செடிக்குப் போயி குடை புடிச்சினு கீற? உன் மண்டை வெந்துடப் போவுது."

"செங்கல்பட்டு ஜில்லா பூரா தேடிட்டேன். இந்த ஒண்ணுதான் கண்ணுல பட்டுது."

தாவரப் புத்தகங்களுக்குப் படம் வரைபவர் அவர். நாவலூரிலிருந்து தினமும் வந்து, ஒவ்வொரு நரம்பாகப் பார்த்துத் தீட்டிக்கொண்டிருந்தார்.

காற்றில் கற்பூரமும் எலுமிச்சையும் கலந்தாற்போல் மணம் வந்தது. ரேணுகா தயங்கினாள்.

"வூட்ல பொண்ணுக்கு நெஞ்சுச் சளி சார். ராவெல்லாம் இழுக்குது. ஒரே ஒரு எல குடேன், கசக்கி மோந்துக்கட்டும்."

"ஒண்ணுகூடக் கூடாது. விதை விழட்டும். அப்புறம் உன் வீட்டு வாசல்லயே ஒரு செடி வளத்துக்கோ."

அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. முள் வெட்டி வந்து சுற்றிலும் வேலி கட்டினாள். ஆடுகளை ஏரிப் பக்கம் ஓட்டினாள். தான் குடிக்கக் கொண்டுவரும் பாட்டில் தண்ணீரில் பாதியைத் தினமும் அதன் அடியில் ஊற்றினாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை.

சில நாட்களில் தண்டும் இலையும் மொட்டும் தாளில் உயிரோடு எழுந்துவிட்டன. கீழ்ப்பகுதி மட்டும் வெறுமையாக இருந்தது.

"அங்க உன் பேரு எழுதப் போறியா சார்?"

ஜெகதீசன் சிரித்தார். "முதல்ல பூ விரியட்டும்."

பூ விரிந்தது. அன்று முழுவதும் அவர் தலை நிமிராமல் அதை வரைந்தார்.

மறுநாள் காலை ரேணுகா மகள் காயத்ரியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கையில் தண்ணீர் பாட்டில். "பூவு வந்துட்ச்சிடி. இனிமே வெதையும் வந்துரும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முள்வேலி ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. ஜெகதீசன் குடைக்குக் கீழே முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். என்றும் இல்லாத அளவுக்கு வாசனை தூக்கியது.

"எல வேணாம் சார். இங்கயே நின்னு மோந்துக்குவா. தொட மாட்டா."

காயத்ரி கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

ஜெகதீசன் திரும்பி, மண் படிந்த கையை நீட்டினார்.

"நல்லவேளை வந்தே. அந்தத் தண்ணியக் குடும்மா, வேரைக் கழுவி வரையணும்."