அலுமாரிக்குள் ரின்பால்

"அண்ணை நிக்கிறார், மச்சாள் நிக்கிறா, கிளினிக்கில இருந்து றோஸ்மலர் மிஸ் வந்து நிக்கிறா, நானும் ஹவுன்ஸ்லோவில ஷிப்டை விட்டிட்டு வந்து நிக்கிறன். இத்தனை பேருக்கும் முன்னால சொல்லுங்கோ அப்பா. இது என்ன?"

வத்சலா தூக்கிப் பிடித்தது ஒரு ரின்பால் பேணி, சீனி போட்டுத் தடிப்பாகக் காய்ச்சிய பால் அடைத்த தகர டின். பாதி காலி. உள்ளே கரண்டி. அப்பாவின் அலுமாரியில், மடித்த வேட்டிகளுக்குப் பின்னாலிருந்து எடுத்தது. உடைக்காத பேணிகள் இன்னும் அங்கே இருந்தன.

கிருஷ்ணராசா கதிரையில் நிமிர்ந்தே இருந்தார். யாழ்ப்பாணத்தில் நீதிமன்றப் பதிவாளராக இருந்தவர். லண்டன் ஃபாரஸ்ட் கேட் வீட்டுக்குள்ளும் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டாமல் இருக்கமாட்டார். இடது கால் மட்டும் துணிச்சுற்றோடு முக்காலி மேல் கிடந்தது. சீனி வியாதியில் கறுத்துப்போன கால். திங்கட்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுக்கப்போகிறார்கள்.

"ரின்பால்," என்றார்.

"அது எங்களுக்கும் தெரியுது!" மகன் சுபாஸ்கரன் கத்திவிட்டு றோஸ்மலரின் பக்கம் திரும்பினான். "மிஸ், தமிழ் ஆக்களுக்கெண்டே செய்த பெட்டி, புட்டு இடியப்பம் எல்லாம் அதுக்குத் தெரியும் எண்டு சொல்லித்தானே போன வருசம் கொண்டுவந்து வைச்சனீங்கள்? அது என்ன கிழிச்சது?"

பெட்டி யன்னலோரம் இருந்தது. விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் வைத்தால், சீனி எவ்வளவு என்று தொலைபேசி வழியாகக் கிளினிக்குக்கு அறிவித்துவிடும். தமிழில் பேசவும் செய்யும்.

"பெட்டியில பிழையில்லை," என்றாள் றோஸ்மலர். "சீனி அளவா இருந்தா பச்சை எரியும். 'நன்றி, வணக்கம்' எண்டு பெட்டியே சொல்லிப்போடும். கூடினா சிவப்பு. அப்ப நான்தான் ஐயாவுக்கு ரெலிபோன் எடுக்கவேணும். சாப்பிட்டியளோ, என்ன கறி, நித்திரை வந்ததோ எண்டு விசாரிச்சுப் புத்தி சொல்லவேணும். தொடக்கத்தில ஐயாவுக்கு எல்லாம் பச்சைதான். பிறகுதான் சிவப்பு. ஒவ்வொரு முறையும் எடுத்துக் கதைச்சனான். எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டுவார்."

"ஓம் எண்டு போட்டு வந்து பேணியை வழிச்சிருக்கிறார்."

பிரியந்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள். எல்லோருக்கும் பால் விட்டது. மாமாவுக்கு மட்டும் வெறுந்தேத்தண்ணி.

"நான் இந்த வீட்டுக்கு மருமகளா வந்த நாளில இருந்து மாமா சீனி கேட்டதில்லை மச்சாள். சீனி வருத்தம் வர முன்னமும் கேட்டதில்லை. எங்களுக்கு முன்னால வெறுந்தேத்தண்ணி, அலுமாரிக்கு முன்னால ரின்பால். நாடகத்தில சேர்த்திருக்கலாம்!"



"நாங்கள் என்ன குறை விட்டனாங்கள் அப்பா?" சுபாஸ்கரன் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினான். "விடியக் கடைக்குப் போக முன்னம் பிரியந்தி மூண்டு நேரச் சாப்பாடும் பிரிட்ஜில வைச்சிட்டுத்தான் போறவ. நாங்கள் இரவு வரேக்கை நீங்கள் படுத்திடுவியள். ஏதும் குறை இருந்தாச் சொல்லுங்கோ."

"ஒரு குறையும் இல்லை."

"கோயிலடியில சனம் என்ன கதைக்கும்? தகப்பனைப் பாக்கத் தெரியாத பிள்ளையள் எண்டு..."

"கதைக்காது." கிருஷ்ணராசா முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "கிழவனுக்கு நாக்கு அடங்கேல்லை எண்டு நானே சொல்லுறன். என்ரை நாக்கைப் பற்றிக் கதைக்கட்டும். என்ரை பிள்ளையளைப் பற்றி ஒருத்தரும் கதைக்கக்கூடாது."

வத்சலா அழுதுகொண்டு குசினிக்குள் போனாள். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

றோஸ்மலர் கிட்ட வந்து குனிந்தாள். "ஐயா, வீட்டில ஏதும் பிரச்சினையோ? என்னட்டைச் சொல்லலாம்."

"இப்ப சொன்னது காதில விழேல்லையோ பிள்ளை? நாக்கு அடங்கேல்லை. அப்பிடியே எழுதும்."

அவள் எழுதினாள். பிறகு பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து கழற்றினாள்.

"ஏன் கழற்றுறீர்?"

"இனி ஆஸ்பத்திரிதான் பாக்கும் ஐயா. பெட்டியை வேற ஆளுக்குக் குடுக்கவேணும்."

"அப்ப ரெலிபோன்?"

"இங்கிலிஷ் நேர்ஸ்மார் காயிதம் போடுவினம்."

கிருஷ்ணராசா கையை நீட்டி வயரை வாங்கினார். முறுக்கு இல்லாமல் நீவி, வட்டமாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பெட்டியின் மேல் வைத்துக் கொடுத்தார். தேத்தண்ணி ஆறிக் கிடந்தது.

கிருஷ்ணராசா நாக்கை அடக்க ஏலாமல் காலைக் குடுத்தவர் என்று ஃபாரஸ்ட் கேட் தமிழ்க் கடைகளில் இன்றைக்கும் ஒரு கதை இருக்கிறது. அது பொய். இனிப்பு அவருக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் விழுங்கினார்; பச்சை எரிந்தால் றோஸ்மலர் அவருக்கு ரெலிபோன் எடுக்கமாட்டாள்.