மீதி முகம்

மாட்ரிட் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக் கூரையில் பிப்ரவரி மழை விழுந்துகொண்டிருக்கிறது. கீழே சாம்பல் வெளிச்சத்தில், முந்நூறு வருடப் பழைய ஒரு சீமாட்டியின் ஓவியத்துக்கு முன்னால் பெனீட்டோ நிற்கிறார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு முன்னால் சட்டத்தில் இருக்கும், அந்த ஓவியத்தின் நகலைத் தொடங்கியது அவர் மனைவி அம்பாரோ. நெற்றியும் மூக்கும் வலது கண்ணும் வரைந்து முடித்த நிலையில் அவள் இறந்துபோனாள். மீதி முகத்தை முடிப்பதற்காகவே அவர் எட்டு மாதம் எண்ணெய் வண்ணம் பயின்றார். இப்போது இடது கண்ணில் கடைசி வெள்ளைப் புள்ளியை வைத்துவிட்டு மூச்சை விடுகிறார். காவலுக்கு இருக்கும் பிலார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்க்கிறாள். "உங்க வீட்டம்மா போட்ட கண்ணு சாந்தமா இருக்கு, நீங்க போட்டது முறைக்குதே பெனீட்டோ! அவங்க போட்டது மேலயும் லேசா ஒரு பூச்சு குடுங்க, ரெண்டும் ஒண்ணாயிடும்." ஓவிய ஆசிரியரும் அதைத்தான் சொல்லியிருந்தார். பெனீட்டோ தூரிகையில் பழுப்பைத் தோய்த்து அம்பாரோ வரைந்த கண்ணுக்கு அருகே கொண்டுபோகிறார். இமைக்குக் கீழே, காய்ந்த வண்ணத்தில், அவளுடைய விரல் ரேகை பதிந்திருக்கிறது. இத்தனை மாதமும் அது அவர் கண்ணில் பட்டதில்லை. தூரிகையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். "இருக்கட்டும்மா," என்கிறார். "அவ உயிரோட இருந்தப்பவே நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி பாத்ததில்ல." பிலார் சிரிக்கிறாள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறாள். அவர் தூரிகையை டர்பன்டைனில் விட்டு அலசுகிறார். பழுப்பு மெல்லப் பரவிக் கலங்குகிறது. கூடம் மூட இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. அவருக்குச் செய்வதற்கு இனி ஒன்றும் இல்லை.