இருபத்தொன்றாவது தட்டு

கையைத் திறந்தால் ஓடிவிடும். இறுக்கினால் செத்துவிடும்.

அவள் விரல்களைக் கிண்ணம்போல் குவித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே ஒரு வெல்வெட் பூச்சி.

மதியம் பெய்த மழையில் மண்டப வாசலின் மண் ஊறிக் கிடந்தது. அதில் தனியாக ஊர்ந்துகொண்டிருந்தது. தொட்டதும் எட்டுக் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு, சிவப்பாக ஒரு விதைபோல் ஆகிவிட்டது.

எத்தனை எண்ணினால் மறுபடி கால் நீட்டும்? அவளுக்கு அது தெரிய வேண்டும்.

போன மழையில் ஒன்றைப் பிடித்து எழுபது வரை எண்ணினாள். நீட்டவேயில்லை. இறுக்கிப் பிடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

கவுன் என்றால் இரண்டு பக்கமும் பை இருக்கும்.

இன்று புடவை. ஐந்து வயதுக்கென்றே கடையில் விற்கிற பட்டுப்புடவை. கொசுவம் தைத்தே வந்தது. அது போதாதென்று அம்மா பதினொரு ஊக்குகள் குத்தியிருந்தாள்.

“பை எங்கம்மா?”

“புடவைக்கு எங்கடி பை இருக்கும்!”

அப்படியானால் இவர்களெல்லாம் எங்கே வைத்துக்கொள்கிறார்கள்? அவள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். பட்டுக் கட்டிய ஒவ்வொருத்தர் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது. செல்போன். பர்ஸ். யாருடைய குழந்தையோ.

புடவை கட்டியதிலிருந்து எல்லோரும் வேறு மாதிரி பேசினார்கள்.

“வாங்க மேடம், காப்பி சாப்ட்டீங்களா?”

“என்னடி, சித்திக்கு முந்தி ஒனக்கு முடிச்சிருவமா? மாப்ள ரெடி.”

தலை தானாகக் குனிந்தது. சுற்றிலும் சிரிப்பு எழுந்தது. அடுத்தவர் கேட்டபோது வேண்டுமென்றே குனிந்து பார்த்தாள்.

அதே சிரிப்பு.

சித்திக்கு நாளை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். பெண் வீட்டுச் சீர்த் தட்டுகள் நடையில் வரிசையாக இருந்தன. மொத்தம் இருபத்தொன்று. ஒற்றைப்படையில்தான் போக வேண்டும்.

பெரியம்மா தட்டுகளை எண்ணினாள். பிறகு பெண்களை எண்ணினாள்.

“ஒரு ஆள் கொறையுதே. ஒரு தட்ட விட்டா ரெட்டப்படையாயிரும்ல?”

பெரியம்மாவின் கண் கூட்டத்தைத் துழாவிக்கொண்டு வந்து அவள் மேல் நின்றது.

“இந்தா, சீல கட்டுன பொம்பள ஒருத்தி சும்மா நிக்கிறாளே!”

நேற்று அவள் கவுனில் இருந்தாள். தட்டுப் பக்கமே வரக்கூடாது என்று விரட்டியது இதே பெரியம்மாதான்.

கற்கண்டுத் தட்டு. வெள்ளைக் குன்றாகக் குவித்திருந்தார்கள். அவள் வலது கையை மட்டும் நீட்டினாள்.

“ரெண்டு கையாலயும் பிடி தாயி. அந்தக் கையில என்ன?”

“ஒண்ணுமில்ல.”

அம்மா சொல்வதுபோலவே வந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பினாள். நாதஸ்வரம் எழுந்தது. வேறு இடமே இல்லை.

அவள் கற்கண்டின் மேல் கையைத் திறந்தாள். பூச்சி இரண்டு கட்டிகளுக்கு நடுவே விழுந்து கிடந்தது. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

எண்ணத் தொடங்கினாள்.

புடவையில் அரை அடிக்கு மேல் கால் விரியவில்லை. முன்னால் இருபது பெண்கள். கடைசியாக அவள். இருபது. முப்பது.

முப்பத்தெட்டில் ஒரு கால் வந்தது.

பிறகு எல்லாக் கால்களும்.

கத்த வேண்டும்போல் இருந்தது. யாரிடம் சொல்வது? தட்டு கனத்தது. பூச்சி குன்றின் உச்சிக்கு ஏறியது. இறங்கியது. விளிம்பை நோக்கி வந்தது. கீழே எங்கும் ஆட்களின் கால்கள்.

தட்டைக் கொஞ்சம் தன் பக்கமாகச் சாய்த்தாள். பூச்சி திரும்பிக் குன்றின் மேல் ஏறியது.

மாப்பிள்ளையின் அம்மா தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். கழுத்து நிறைய நகை. முகமெல்லாம் வேர்வை. அவள் இதுவரை பார்த்திராத மனுஷி.

இருபத்தொன்றாவது தட்டு.

அவர் குனிந்தார். கை தட்டைத் தொட்டது. கண் கற்கண்டில் நின்றது.

பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

“அதென்ன மதினி, செவப்பா?” என்று பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

“குங்குமம் சிந்திருக்கு” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

ஒரு முறை கற்கண்டின் மேல் கையை ஓட்டினார். தட்டைப் பக்கத்திலிருந்தவர் பக்கம் நகர்த்தினார்.

அவள் தட்டைப் பார்த்தாள். இல்லை. தரையைப் பார்த்தாள். இல்லை. மிதித்த தடமும் இல்லை.

உள்ளே சந்தனம் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வலது கையால் எடுத்துக்கொண்டார். தாம்பூலம் கொடுத்தார்கள். அதையும் ஒரு கையால் வாங்கினார். பெரியம்மாவின் முகம் சுருங்கியது.

“சம்பந்தியம்மா, எல்லாரும் கும்பிடுற மாதிரி ஒண்ணு!” என்றார் போட்டோக்காரர்.

எல்லோரும் கைகூப்பினார்கள்.

அவர் மட்டும் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். இடது கை மூடியிருந்தது.

அவள் கூட்டத்தில் புகுந்து, சின்னச் சின்ன அடிகளாக வைத்துப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

ரொம்ப இறுக்கமாக மூடவில்லை.