விற்ற குரல்

கணவர் நீலகண்டன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்ததும் வசுமதி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

"ஹலோ, சொல்லுங்க" என்றான் எதிர்முனையில் ஒருவன். அவள் கத்திக் கத்திச் சொன்னாள்.

"ஹலோ? ஒண்ணுமே கேக்கலையே." வைத்துவிட்டான்.

அப்போதுதான் அவளுக்கு அந்த ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. சினிமாவில் கோரஸ் பாடியவள், அன்று காலைதான் தன் குரலை ஒரு கீபோர்டு கம்பெனிக்கு விற்றிருந்தாள். இனி அவர்கள் கீபோர்டு மட்டுமே அந்தக் குரலில் பாடும்; வேறெந்த மைக்கும் அதைப் பிடிக்காது. பாட்டுக்காரிக்கு மைக் என்றால் ஸ்டூடியோ மைக்தான். போனுக்குள்ளும் ஒன்று இருப்பது கையெழுத்துப் போடும்போது அவளுக்குத் தோன்றவேயில்லை.

எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. ஆம்புலன்ஸ் எண்ணுக்கு மெசேஜ் எழுதி அனுப்பினால், போனில் பேசி உறுதிசெய்யச் சொல்லிப் பதில் வந்தது. மறுபடி போன் போட்டு, அதைக் கணவரின் வாயருகே பிடித்தாள்.

"என்னங்க, நீங்களே சொல்லுங்க. வளசரவாக்கம்னு சொல்லுங்க."

"வளசர... வாக்கம்."

அவள் காதோரம் சொல்லச் சொல்ல, தெருவும் கதவு எண்ணும் இழுத்த மூச்சோடு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பிறகு உதடு மட்டும் அசைந்தது.

"வண்டி கிளம்பிடுச்சு சார். அதுவரைக்கும் நெஞ்சை அமுக்கிவிடணும். பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"நான் இருக்கேன். எப்படி அமுக்கணும்னு சொல்லுங்க, நான் இருக்கேன்" என்று அலறினாள் வசுமதி.

"ஹலோ? சார், யாராவது இருக்காங்களா?" என்று எதிர்முனை மறுபடி கேட்டது.

"பாவம், தனியாளு போல" என்று யாரிடமோ சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான்.