விசிலுக்கு ஒரு பல்

முதல் தடவை ஊதியபோது வெறும் காற்றுதான் வந்தது.

என் தையல் கடை வாசலில் நின்றுகொண்டு, மூன்றாம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தபடி ஊதினார் லிஃப்ட் மெக்கானிக். ஜன்னல் மூடியே இருந்தது.

ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற மனுஷர் குடியிருக்கும் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. தெருக்கதவிலிருந்து அவர் வீட்டுக்கு அறுபத்து நான்கு படி.

கல்யாணமான புதிதில் அவர்கள் இங்கே குடிவந்தபோது தெருக்கதவுக்கு வீட்டுக்கு ஒரு சாவிதான் கொடுத்தார்கள். அது அவர் மனைவியிடம் இருந்தது. இருவரையும் நான் அக்கா, அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அவருக்கு முன்னால் வீடு வந்துவிடுவார். அழைப்பு மணியோ குடிவந்த நாளிலிருந்தே அடித்ததில்லை. அதனால் இவர் கீழே நின்று விசிலடிப்பார். ஜன்னல் திறக்கும். சின்னத் துணிப்பை ஒன்று மேலேயிருந்து விழும். இவர் பிடித்துக்கொள்வார்.

இருபத்திரண்டு வருட வழக்கம். விசில் வராமல் பை விழாது. அக்கா அதில் கறார்.

வேலை முடிந்து வரும்போது கையெல்லாம் கிரீஸாக இருக்கும் என்பதால் விரலை வாயில் வைக்க மாட்டார். நாக்கு நுனியை முன்பல்லில் முட்டுக்கொடுத்து ஊதுகிற விசில் அவருடையது. போன வருடக் கடைசியில் ஸ்பேனர் ஒன்று வழுக்கி வந்து அந்த முன்பல்லைக் கொண்டுபோனது. விசிலும் கூடவே போனது.

போன் பண்ணிவிட்டால் முடிந்தது என்றார் பக்கத்துச் சலூன்காரர். அண்ணன் பார்த்த பார்வையில் அவர் சவரத்தைக் கவனிக்கப் போய்விட்டார்.

தற்காலிகமாகக் கழற்றி மாட்டுகிற பல் ஒன்றைக் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு ஊதிப் பார்த்தார். விசில் வரவில்லை, பல் வந்தது. நான் ஊக்கு தைத்துக்கொண்டிருந்த கல்யாண ரவிக்கையின் மேல் வந்து விழுந்தது.

அதற்குப் பிறகு ஊதுவதையே விட்டுவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு வருவார், சத்தமில்லாமல் படியேறிப் போய்விடுவார். ஆறு மணிக்கு அக்கா ஜன்னலைத் திறந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சாத்துவது எதிர்க்கடைக் கண்ணாடியில் எனக்குத் தெரியும். பார்க்கவே பொறுக்காது. ஒருநாள் நானே விசிலடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பிறகுதான் பல்லை நிரந்தரமாகவே ஊன்றிவிடுவது என்று முடிவு செய்தார். எலும்பில் ஒரு திருகை இறக்கினார்கள். அதை எலும்பு இறுகப் பிடித்துக்கொள்ள நாலு மாதம் காத்திருக்க வேண்டும். திருகு என்றால் மெக்கானிக் சும்மா இருப்பாரா? என்ன நீளம், என்ன புரி, எதை வைத்து முடுக்குவீர்கள் என்று பல் டாக்டரம்மாவைக் குடைந்தெடுத்துவிட்டாராம். அவரும் சளைக்கவில்லை. திருகின் மேல் பல் வந்ததும் தாராளமாகச் சிரிக்கலாம், கடிக்கலாம், விசிலுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை என்று கையை விரித்துவிட்டாராம்.

“கடிக்கிறதுக்கு எனக்குக் கடவாய்ப்பல் இருக்கு டாக்டர். இது விசிலுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு வந்ததாக அண்ணனே என்னிடம் சொன்னார்.

இன்று மத்தியானம் பல்லை வைத்தாகிவிட்டது. சரியாக ஆறு மணிக்கு வந்து நின்றுவிட்டார்.

இரண்டாம் தடவை ஊதினார். எச்சில்தான் தெறித்தது.

சலூனில் கத்தரிச் சத்தம் நின்றது. பாதி முடி வெட்டிய தலையோடு ஒருவர் போர்வையைக் கழற்றாமல் வாசலுக்கே வந்துவிட்டார். கடித்த நூலைத் துப்பாமல் நானும் மெஷினை நிறுத்தினேன். அண்ணனின் காது சிவந்துவிட்டது. இன்று வரவில்லையென்றால் இந்த மனுஷர் இனிமேல் ஊதவே மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

நாக்கால் புதுப்பல்லை ஒருமுறை தடவிப் பார்த்தார். எங்கே முட்டுக்கொடுப்பது என்று தேடியிருப்பார்.

மூன்றாம் தடவை வந்தது.

இழுத்து ஒன்று, தூக்கி ஒன்று. பழையதைவிடக் கொஞ்சம் கூர்மை. ஆனாலும் அதேதான்.

ஜன்னல் படீரென்று திறந்தது. அக்கா அத்தனை நேரமும் கொக்கியில் கை வைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நின்றிருக்க வேண்டும்.

“யாருங்க அது? சத்தம் புதுசா இருக்கே.”

“சத்தந்தாங்க புதுசு. ஆளு பழசுதான்.”

மஞ்சள் பை விழுந்தது. எட்டிப் பிடித்தார். சலூன்காரர் சீப்பும் கையுமாகக் கை தட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. எது முன்னால் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அண்ணன் புதுப்பல் தெரிய எங்கள் எல்லோரையும் பார்த்து இளித்துவிட்டு, பையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு தெருக்கதவுக்குப் போனார். சுவரில் இருக்கும் பொத்தான்களில் நாலு எண்ணை அழுத்தினார். கதவு திறந்தது.

பழைய பூட்டை எடுத்துவிட்டு எண் பூட்டுப் போட்டு ஆறு வருடம் ஆகிறது. அந்த நாலு எண் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். தபால்காரருக்கும் தெரியும்.

போன வாரம் அக்கா இந்த மஞ்சள் துணியைக் கொண்டுவந்தார். சாவிப்பை நைந்துபோய்விட்டது, பல் வைக்கிற நாளுக்குள் புதிதாக ஒன்று வேண்டும் என்றார். இன்னமும் அதைச் சாவிப்பை என்றுதான் சொல்கிறார். கணக்கு டீச்சர் அல்லவா, அளவைக் கால் அங்குலம் பிசகாமல் சொன்னார்.

வாய் எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று நான் கேட்கவில்லை. ஆறு வருடமாகக் கேட்பதில்லை. கனத்துக்கு என் பழைய மெஷினில் கழற்றிய நட்டு ஒன்றை உள்ளே போட்டு, நாலு பக்கமும் தைத்துவிடுவேன்.