சிவப்பு வட்டம் போட்ட வீடு

அந்தப் பெண் இன்றைக்கும் வந்துவிட்டாள்.

தையல்காரம்மா மிஷினை நிறுத்தினாள். ஜன்னலை ஒட்டி மிஷினைப் போட்டிருந்ததால், தெருவில் ஒரு பூனை குறுக்கே போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"என்னங்க, இங்க வாங்களேன். அதே பொண்ணு!"

சாயங்கால ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் அலட்டிக்கொள்ளவில்லை. "தெருன்னா நாலு பேர் வரத்தான் செய்வாங்க."

"வர்றவ நேரா போக வேண்டியதுதானே? எதுக்கு ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் நின்னு நின்னு என்னமோ கிறுக்குறா?"

"ஏதாவது கணக்கெடுக்க வந்திருப்பா."

"கணக்கெடுக்கறவ கதவைத் தட்டுவா. இவ வாசலைப் பாக்கறா, ஜன்னலைப் பாக்கறா, சுவர் எவ்வளவு உயரம்னு பாக்கறா. கதவை மட்டும் தட்ட மாட்டேங்கறா."

"உனக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம். கல்யாணமான புதுசுல நான் நிஜமாவே வேலைக்குத்தான் போறேனான்னு போன் போட்டு விசாரிச்சவதானே நீ!"

சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தையல்காரம்மாவுக்கு வேலை ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்து, அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு நர்ஸ் உள்ளே வந்தாள்.

"அக்கா, சொல்ல மறந்துட்டேன். நேத்து ஒரு பொண்ணு உங்களைப் பத்தி விசாரிச்சுது."

"என்னன்னு?"

"வீட்ல யார் யார் இருக்கீங்க, உங்க வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவார், நீங்க அடிக்கடி வெளிய போவீங்களா... அப்படின்னு."

"நீ என்ன சொன்னே?"

"துணி தைக்கக் குடுக்கத்தான் கேக்கறாளோன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேங்க்கா."

"அடிப்பாவி! சாவி எங்க வைப்பேன்கிறதை மட்டும் ஏன் பாக்கி வெச்சே?"

அளவு டேப் கழுத்தில் தொங்க, தையல்காரம்மா விடுவிடுவென்று தெருவில் இறங்கினாள். அந்தப் பெண் இவள் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். இவளைக் கண்டதும் கையிலிருந்த பேப்பரை அவசரமாகப் பைக்குள் திணித்தாள்.

தையல்காரம்மா லபக்கென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும்மா நீ? என்னத்தை ஒளிக்கிறே?"

"ஒண்ணுமில்லக்கா... சும்மா..."

"தினமும் சும்மா வர்றவளை நான் பாத்ததே இல்லையே. எடு அதை!"

எதிரில் இரண்டு கதவுகள் திறந்தன. பின்னாலேயே ஓடி வந்த நர்ஸ் பைக்குள்ளிருந்து பேப்பரை உருவினாள். தெரு மொத்தமும் அதில் இருந்தது. முனைக் கடை, விளக்குக் கம்பம், கட்டம் கட்டமாக வீடுகள். தையல்காரம்மா வீட்டைச் சுற்றி மட்டும் பட்டையாக ஒரு சிவப்பு வட்டம்.

"பாத்தியா? எங்க வீட்டைத்தான் குறி வெச்சிருக்கா! போலீசுக்குப் போன் போடுடீ!"

"ஐயோ, வேண்டாங்க்கா!" அந்தப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் டீச்சர். அடுத்த தெரு ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் எடுக்கறேன்." ஒரு கையாலேயே துழாவி அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள்.

தையல்காரம்மா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"முடி வேற மாதிரி இருக்கே?"

"அது போன வருஷம் எடுத்ததுக்கா."

"டீச்சருக்கு என் வீட்டுக்காரர் எத்தனை மணிக்குப் போறார்ங்கிற விவரம் எதுக்கு?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சின்னப் பிள்ளைங்களுக்குச் சமூகப் பாடத்தைப் புத்தகத்துலேர்ந்து ஆரம்பிக்காதீங்க, அவங்கவங்க தெருவுலேர்ந்து ஆரம்பிங்கன்னு எங்க ஹெச்.எம். சொல்லிட்டாங்க. பாடத்தை நாங்களேதான் தயார் பண்ணணும். தெருவுல நடந்து வரும்போது பயமா இருந்தா எந்த வீட்டுக்குப் போகணும்? அதுதான் என் முதல் பாடம்."

"சரி, அதுக்கு?"

"பிள்ளைங்ககிட்டயே கேட்டேன். இந்தப் பக்கமா வர்ற பிள்ளைங்க அத்தனை பேரும் ஒரே வீட்டைத்தான் சொன்னாங்க. உங்க வீட்டை."

தையல்காரம்மாவின் பிடி தளர்ந்தது.

"என் வீட்டையா? பெல்லை அடிச்சுட்டு ஓடுதுங்க, பந்தை எடுக்கறேன்னு சுவரேறிக் குதிக்குதுங்க. நான் அதுங்களைத் திட்டாத நாளே கிடையாதேம்மா!"

"அங்கதாங்க்கா எனக்கும் உதைச்சுது. பிள்ளைங்க பேச்சை மட்டும் நம்பி, 'இந்த வீட்டுக்குப் போ'ன்னு பாடம் நடத்திட முடியுமா? அங்க யார் இருக்காங்க, எப்படிப்பட்டவங்க, ஸ்கூல் விடற நேரத்துல ஆள் இருக்குமான்னு தெரிஞ்சுக்க வேண்டாமா? உங்ககிட்டயே கேட்டுட்டு, அப்புறம் சரிப்படலைன்னு விட்டா உங்க மனசு கஷ்டப்படும். அதான் மறைவா விசாரிச்சேன். தப்புதான், மன்னிச்சிடுங்க."

"ஆக, நான் உன்னைச் சந்தேகப்பட்டுட்டு இருந்தப்போ, நீ என்னைச் சந்தேகப்பட்டுட்டு இருந்திருக்கே!"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதிர் வீட்டுக் கதவுகள் மெல்லச் சாத்திக்கொண்டன. தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. டீச்சரின் கையை விட்டாள். மணிக்கட்டு சிவந்திருந்த இடத்தை லேசாகத் தடவிவிட்டாள்.

"ஏம்மா, தெருவுல இத்தனை வீடு இருக்கு. அன்பா, சிரிச்ச முகமா எத்தனையோ பேர் இருக்காங்க. இதுங்க எதுக்கு என் வீட்டைச் சொல்லுச்சுங்க?"

"நானும் அதையேதாங்க்கா கேட்டேன். ஒரு வாண்டு டக்குனு எழுந்து சொல்லுச்சு..." டீச்சர் இப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள். "'அந்த அத்தை யாரையும் நம்ப மாட்டாங்க டீச்சர். தெரியாதவங்க யாராவது எங்களைக் கூட்டிட்டுப் போனா, விடவே மாட்டாங்க!'"